கடந்த ஏழு நாட்களில்

லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்தது மூன்றாம் மாடியில். அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. கீழ்வீட்டுக்காரர், "ஊரையெல்லாம் தூக்கி விடுறீங்க, உங்களத் தூக்கி விட ஆளில்ல பாருங்க" என்று ஒன்பது வருடமாக ஒரே குரலில் சொல்லிவருகிறார். மெக்கானிக்கும் ஒவ்வொரு தடவையும் அன்றுதான் முதலில் கேட்பவர்போல் பல்லைக் காட்டிவிட்டு ஐம்பத்திரண்டு படி ஏறுவார். அவருக்குக் கோபம் வராது. கோபப்படவும் தெம்பு வேண்டும். அந்த வீட்டில் தெம்பைப் பார்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மேலே தெருப்பக்கத்து அறையில் அவர் மனைவி படுத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். வேலையை விட்டு எட்டு வருடம் ஆன பிறகும் மெக்கானிக் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். முதலில் கேலிக்காக ஆரம்பித்தது. இப்போது அந்தப் பெயரையும் விட்டுவிட்டால் அவளிடம் பழையது என்று ஒன்றும் மிஞ்சாது என்ற பயம்.

வந்தது என்னவோ சாதாரணக் காய்ச்சல்தான். ஐந்தாம் நாள் இறங்கிவிட்டது. போகிற காய்ச்சல் சும்மா போகாமல் டீச்சரையும் முக்கால்வாசி எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாள்பட்ட சோர்வு நோய் என்று கண்டுபிடித்துச் சொல்லவே நான்கு வருடம் ஆயிற்று. அந்தப் பெயரை வைத்த மகானுபாவன் மட்டும் மெக்கானிக் கையில் கிடைத்தால் நடக்கிறதே வேறு. சோர்வு என்ற சொல்லைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்துவிடும். "அட, எனக்கும் அப்படித்தாங்க. காலைல எந்திரிக்கவே முடியல" என்பார்கள். டீச்சரின் சொந்த அக்காவே ஒருநாள் வந்து, "படுத்தே கெடந்தா யாருக்குத்தான் அசதி வராது" என்று சொல்லிவிட்டுப் போனாள். போனவள் போனவள்தான்.

டாக்டர்களும் சளைத்தவர்கள் இல்லை. முதல் டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். இரண்டாமவர் மனசு என்றார். மூன்றாமவர், தினமும் பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டி நடக்கச் சொன்னார். டீச்சர் வீட்டுப்பாடம் தவறாத ஜாதி. கூட்டிக் கூட்டி நடந்தாள். ஆறாவது வாரம் நடந்து போனவளை மெக்கானிக் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் பிறகு அவள் தெருவில் கால் வைக்கவில்லை.

இந்த நோயின் குணம் அது. செய்ததற்குத் தண்டனையை அன்றைக்கே கொடுக்காது. இன்று தலைக்குக் குளித்தால் இன்று நன்றாகத்தான் இருக்கும். நாளைக்கும் சமாளித்துவிடலாம். மூன்றாம் நாள் கண்ணைத் திறக்க முடியாது, வெளிச்சம் ஊசியாய்க் குத்தும், பாத்திரம் உருண்டால் உடம்பு முழுக்க வலிக்கும். பார்க்க வருகிறவர்கள் முதல் நாள்தான் வருவார்கள். மூன்றாம் நாளைப் பார்த்தவர் மெக்கானிக் ஒருவர்தான்.

அப்படியும் அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை இருந்தது. அது இருபது நிமிடம் நீளம். மெக்கானிக் காலை ஆறரைக்குப் போய் மூன்றரைக்கு வேலை முடித்து, நாலேகாலுக்குப் படியேறி, கைகால் கழுவி, நாலரைக்கு அவள் கட்டில் அருகே நாற்காலியைப் போடுவார். திரை போட்ட அறை. டீச்சர் அன்றைய பேச்சையெல்லாம் அந்த இருபது நிமிடத்துக்கென்று வைத்திருப்பாள். அவர் சொல்வதை எல்லாம் கேட்பாள், கேலி செய்வாள், சில நாள் சண்டைகூடப் போடுவாள். இருபது நிமிடம் முடிந்ததும் கையை லேசாக உயர்த்துவாள். அவர் பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டு எழுந்து போவார்.

தையற்கடைக்காரர் கதையை அவர் சொன்னது அப்படி ஒரு நாலரை மணிக்குத்தான். ஐந்தாம் மாடியில் தையற்கடை வைத்திருந்த ஒருவர், லிஃப்ட் உதறுகிறது, தளத்துக்கு நேராக நிற்கவில்லை என்று புகார் மேல் புகார் கொடுத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் மூன்று தடவை போனார். ஒவ்வொரு தடவையும் இருபது முறை மேலும் கீழும் போய்ப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி ஓடியது. பதிவுப் புத்தகத்தில், 'பரிசோதித்தபோது குறை ஏதும் காணப்படவில்லை' என்று மூன்று தடவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அந்த ஆளுக்குக் குறை லிஃப்டுல இல்ல டீச்சர், தலைல" என்று சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. "எத்தன மணிக்குப் போனீங்க?"

"காலைல எட்டு மணிக்கு. மூணு நாளும்."

"ராத்திரி பூரா சும்மா நின்ன லிஃப்ட். எட்டு மணிக்கு எந்த லிஃப்டும் நல்லாத்தான் ஓடும். நாள் பூரா ஓடி முடிச்சப்புறம் மூணு மணிக்குப் போய்ப் பாருங்க."

போனார். மூன்று மணிக்கு லிஃப்ட் ஐந்தாம் தளத்துக்கு அரையடி கீழே நின்று, கதவைத் திறந்து அவருக்குச் சுவரைக் காட்டியது. சூடேறினால் பிரேக்குக்குப் பிடிமானம் விட்டுப்போகிறது. காலையில் ஆறியிருக்கும்போது ஒன்றும் தெரியாது. தையற்கடைக்காரர் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இது நடந்து ஆறு மாதத்தில் டீச்சரின் தம்பி வெளிநாட்டிலிருந்து போன் செய்தான்.

"மாமா, பதினோரு நாடு சேந்து ஒரு ஆராய்ச்சி பண்றாங்க. அக்காவுக்கு இருக்கறதேதான். இப்ப உங்க பக்கமும் வருது. பெரிய ஆஸ்பத்திரில ஒரு பிரிவு தொறக்கறாங்க, இருநூறு பேர எடுக்கப் போறாங்க. எப்படியாவது அக்காவ உள்ள சேத்துருங்க."

"சேந்தா என்ன மாப்ளே? மருந்தா குடுக்கப் போறான்?"

"மருந்து இன்னும் இல்ல மாமா. ஆனா வந்தா, உள்ள இருக்கறவங்களுக்குத்தான் முதல்ல."

அன்று நாலரைக்கு இதைச் சொன்னார். டீச்சர், "மருந்து கெடைக்கலன்னாலும் பரவால்ல. நம்ம ரெண்டு பேரத் தவிர இன்னொருத்தங்க ஒரு தாள்ல எழுதணும், இவளுக்கு நோய் இருக்குன்னு. அவங்க லிஸ்ட்ல என் பேர் ஏறிட்டா அது போதும் எனக்கு" என்றாள். ஒன்பது வருடத்தில் அவள் ஒன்று வேண்டும் என்று கேட்டது அதுதான். மெக்கானிக் விழுந்தடித்துக்கொண்டு விண்ணப்பம் அனுப்பினார். ஐந்து வாரம் கழித்து முதல்கட்டச் சோதனைக்கு நாள் கொடுத்தார்கள்.

அடுத்துச் செய்த காரியம் மெக்கானிக்கின் யோசனை. இதை அவர் யார்மீதும் போட முடியாது. ஐம்பத்திரண்டு படி இறங்க வேண்டும், காரில் முக்கால் மணி நேரம், அங்கே காத்திருக்க வேண்டும், வெளிச்சம், கூட்டம், சோதனை. பாதி வழியில் மயங்கி விழுந்தால் என்ன ஆவது? அதனால் சோதனைக்கு முன்னால் மூன்று வாரம் முழு ஓய்வு என்று முடிவு செய்தார்கள். பேச்சு கிடையாது, படிப்பு கிடையாது, தலைக்குக் குளிப்பது கிடையாது. சூப்பையும் பாலையும் அவரே ஸ்பூனால் ஊட்டினார். இருபத்தொரு நாள் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரே நாளில் எடுப்பது என்று திட்டம். இந்த நோய்க்காரர்கள் கல்யாணத்துக்குப் போவதென்றாலும் பல் டாக்டரிடம் போவதென்றாலும் அப்படித்தான் போவார்கள். அவர்களுக்கு அது கைவந்த பழக்கம்.

அந்த மூன்று வாரமும் நாலரை மணிக்கு அவர் நாற்காலியை அறைக்கு வெளியே போட்டு உட்கார்ந்தார். யாரோடு பேசுவது என்று தெரியவில்லை. ஒருநாள் சொட்டிக்கொண்டிருந்த குழாயிடம், "உனக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுத் தானே வெட்கப்பட்டார். இருபது நிமிடம் இல்லாமல் போனால் நாள் இவ்வளவு பெரியதா என்று இருந்தது.

சோதனை நாள் காலையில் டீச்சர் தலை வாரி, பழைய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கடிகாரம் மணிக்கட்டில் வளையல் மாதிரி சுற்றியது. அவர் அவளை முதுகில் தூக்கிப் படியிறங்கினார். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்தார், வழக்கமான நகைச்சுவை வாய்வரை வந்து அப்படியே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். டீச்சர் வேண்டாம் என்றாள்.

"உள்ள நடந்தே வரேங்க. முடியுது."

முடிந்தது. ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் சின்ன வயசுப் பெண், நல்ல பெண். கைப்பிடிக் கருவியை அழுத்தச் சொன்னாள், டீச்சர் அழுத்தினாள். பத்து நிமிடம் அசையாமல் நிற்கச் சொன்னாள், நின்றாள். நீண்ட நடைக்கூடத்தில் தரையில் பட்டை ஒட்டி ஆறு நிமிடம் நடக்கச் சொன்னாள். டீச்சர் நடந்துகொண்டே சுற்றை எண்ணி, நர்ஸ் கணக்குப் போடுவதற்கு முன்னால், "முந்நூத்தித் தொண்ணூறு மீட்டர்" என்றாள். நர்ஸ் சரிபார்த்துவிட்டுச் சிரித்தாள். சுவரோரம் நின்ற மெக்கானிக்குக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு கேள்வித்தாள். நர்ஸ் படிக்கப் படிக்க டீச்சர் பதில் சொல்ல வேண்டும்.

"கடந்த ஏழு நாட்களில், வேலை செய்த பிறகு உங்களுக்கு எத்தனை முறை நோய் கூடியது?"

"கடந்த ஏழு நாள்லயா?"

"ஆமா மேடம். ஏழு நாள்ல மட்டும்."

டீச்சர் யோசித்தாள். "வேலையே செய்யலையே. பூஜ்யம்."

மெக்கானிக் ஓரடி முன்னால் வந்தார். "நர்ஸம்மா, அவ மூணு வாரமா படுத்தே..."

"சார், கூட வந்தவங்க பதில் சொல்லக் கூடாது. எல்லா நாட்டுலயும் இதே ரூல்தான்."

"கடந்த ஏழு நாட்களில், உடம்பு முடியாமல் எத்தனை நாள் படுக்கையிலேயே இருந்தீர்கள்?"

"முடியாம இல்ல. நாங்களா முடிவு பண்ணித்தான் படுத்திருந்தேன். அதனால அதுக்கும் பூஜ்யம்."

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது என்று முந்நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த வாய். பொய் சொல்ல அதற்குத் தெரியாது. பன்னிரண்டு கேள்வியில் ஒன்பதுக்கு அவள் சொன்ன பதில் பூஜ்யம். ஒவ்வொன்றும் சரியான விடை.

திரும்பி வரும்போது காரின் பின் இருக்கையில் அவர் மடியில் தலை வைத்துப் படுத்தாள். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய முகம்.

"பாஸா நானு?"

"டீச்சரே பெயிலானா பிள்ளைங்க என்ன ஆகும்? பாஸ்தான்."

"பேர் ஏறிடும்ல?"

"ஏறிடும்."

வீடு வந்து சேரும்வரை பேசினாள். முக்கால் மணி நேரம், இருபது நிமிடக் கெடுவெல்லாம் காற்றில் போயிற்று. தெருவில் எத்தனை கடை மாறியிருக்கிறது என்றாள். நர்ஸுக்கு எழுத்து கோழி கிளறினதுபோல இருக்கிறது என்றாள். நடுவில், "அந்தத் தையக்கடைக்காரர் லிஃப்ட் இப்ப நல்லா ஓடுதா?" என்றுகூடக் கேட்டாள். "நல்லா ஓடுது" என்றார் அவர். இரண்டு பேரும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். அதைச் சொல்லும்போதுகூட இருவருக்கும் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் விழுந்தாள். இதுவரை விழுந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. திரைக்கு மேல் கறுப்புக் காகிதம் ஒட்ட வேண்டியதாயிற்று. கண்ணுக்குத் துணிப்பட்டை, காதுக்கு அடைப்பான். குரல் போய்விட்டது. அவர் குரலையும் தாங்க முடியவில்லை, கிசுகிசுத்தாலே நெற்றி சுருங்கி உடம்பு நடுங்கியது. ஒரு வாரம், பத்து நாள் என்று பார்த்தார். தேறுகிற வழியாக இல்லை. கடைசியில் இருவருக்கும் நடுவே ஒரு பாஷை உண்டாயிற்று. அவள் உதட்டை மட்டும் அசைப்பாள், அவர் கதவிடுக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்துப் புரிந்துகொள்வார். பதிலை அவள் உள்ளங்கையில் விரலால் அழுத்துவார். ஒரு தடவை என்றால் ஆமாம். இரண்டு தடவை என்றால் இல்லை.

நாலரை மணிக்கு அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "வந்துதா?" அவர் இரண்டு தடவை அழுத்துவார். அவள் உதட்டை மூடிக்கொள்வாள். அதற்குமேல் அன்றைக்கு அவளால் முடியாது.

சோதனை முடிந்த இருபதாம் நாள் கடிதம் வந்தது. மெக்கானிக் அதைப் படிக்கட்டில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தார். விண்ணப்பதாரரின் மதிப்பெண் நோயாளிகளுக்கான வரம்புக்குள் வரவில்லை, ஆராய்ச்சியில் சேர்க்க இயலவில்லை, ஆர்வத்துக்கு நன்றி. மேலே போய் அன்றைக்கும் உள்ளங்கையில் இரண்டு தடவை அழுத்தினார். கடிதம் சட்டைப்பையில் இருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆராய்ச்சிப் பிரிவு டாக்டரம்மாவைப் பார்க்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, ஆறிப்போன காபியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் போனில் எடுத்த படத்தைக் காட்டினார். இருட்டறை, கண்பட்டை, அசையாத கை. டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்தாள்.

"நான் நம்பறேன் சார். ஆனா நான் நம்பறது இந்த கம்ப்யூட்டர்ல ஏறாது. இதப் போட இதுல எடமே இல்ல."

"சேந்தவங்களுக்கு ரெண்டு நாள் சோதன வெப்பீங்களாமே. முதல் நாள் சைக்கிள், மறுநாளும் அதே சைக்கிள். அத வெச்சிருந்தா இவ நெலம தெரிஞ்சிருக்கும்ல?"

"நிச்சயமா தெரிஞ்சிருக்கும். ஆனா அது சேந்தப்புறம்தான். சேர்றதுக்கு ஒரே நாள்."

"அப்ப இன்னொரு தடவ கூட்டிட்டு வரேன். இந்தத் தடவ ஓய்வு குடுக்காம."

"ஒருத்தருக்கு ஒரு தடவதான் சார். பதினோரு நாட்டுலயும் ஒரே மாதிரி இருக்கணும், இல்லன்னா ஆராய்ச்சியே செல்லாது."

"நீங்களாவது வீட்டுக்கு வந்து பாருங்க."

"வீட்டுக்குப் போய்ப் பாக்க இந்தக் கட்டத்துல அனுமதி இல்ல. அடுத்த கட்டத்துக்குக் கேட்டிருக்கோம்."

சக்கர நாற்காலியில் கிடக்கிறவர்கள் வரலாம், நடக்கிறவர்கள் வரலாம், வரவே முடியாத அளவுக்கு முடியாதவர்களுக்கு மட்டும் அதில் வழியில்லை. பதினோரு நாட்டுப் படித்தவர்கள் கூடிப் போட்ட திட்டம். மெக்கானிக் அதையெல்லாம் சொல்லவில்லை. டாக்டரம்மா திரையை அவர் பக்கம் திருப்பியிருந்தாள். டீச்சரின் பதிவில் கடைசி வரி இப்படி இருந்தது: 'பரிசோதித்த நாளில் குறிப்பிடத்தக்க குறை காணப்படவில்லை.'

அந்த வரி அவருக்குப் பழக்கம். எத்தனை லிஃப்டுக்கு எழுதியிருக்கிறார். அந்த நிமிடம்தான் தையற்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வந்து அவர் நெஞ்சுக்குள் நின்றார். ராத்திரி பூரா சும்மா நிறுத்திவைத்து, காலை எட்டு மணிக்குக் கொண்டுபோய்க் காட்டியது யார்? இருபத்தொரு நாள் ஊட்டி, உறங்கவைத்து, பேசாமல் இருந்து, நோயை ஒளித்துவைத்துக் கூட்டிப் போனது யார்? மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள் என்று சொல்லிக்கொடுத்ததே அவள்தான். சொல்லிக்கொடுத்தவளும் மறந்தாள், கேட்டுத் திருந்தியவரும் மறந்தார். நம்பிக்கை வந்தால் புத்தி இப்படித்தான் கழன்றுபோகும் போலிருக்கிறது. அவர் நடைக்கூடத்துக்கு வந்து, தரையில் இன்னும் ஒட்டியிருந்த பட்டையைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். நாற்பத்தெட்டு வயசு ஆள் அழுவதை அங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் அது சகஜம்.

நர்ஸ்தான் பின்னாலேயே வந்தாள். தண்ணீர் கொடுத்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள், "சார், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு நோய் இல்லாதவங்களும் வேணும். உங்க வயசு ஆம்பளைங்க யாரும் வர மாட்டேங்கறாங்க. நீங்க சேந்தீங்கன்னா வருஷத்துக்கு நாலு தடவ டாக்டர நேர்ல பாப்பீங்க. வெளிய இருந்தா போன்கூட எடுக்க மாட்டாங்க. உள்ள ஒரு கால் இருந்தா நல்லதுதானே."

அவளும் நல்லதைத்தான் நினைத்தாள். மெக்கானிக் யோசித்தார். கதவு சாத்திக்கொள்ளும்போது காலை நடுவே வைத்தால் கதவு திறந்துகொள்ளும், அது அவர் தொழிலில் தினமும் பார்ப்பது. சரி என்றார்.

விண்ணப்பம் இரண்டு பக்கம். சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, புகை இல்லை. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி இருந்தது. 'உங்கள் வீட்டில் நாள்பட்ட சோர்வு நோய் உள்ளவர் எவரேனும் உண்டா? ஆம் / இல்லை.'

பேனா நின்றது. "இது?"

நர்ஸ் குனிந்து பார்த்தாள். அவள் முகம் சிறுத்துவிட்டது. "ஆமான்னு போட்டா உங்கள எடுக்க மாட்டாங்க சார். நோய் வீட்டுலயே இல்லாதவங்கதான் வேணும்."

"இருக்கே."

"எங்க ரெக்கார்டுப்படி... அவங்களுக்கு இல்லைன்னுதானே சார் வந்திருக்கு." சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்தாள்.

மெக்கானிக் எழுந்து போயிருக்கலாம். நானாக இருந்தால் தாளைக் கிழித்து வீசியிருப்பேன் என்று சொல்லுவது சுலபம். வீட்டில் கறுப்புக் காகிதம் ஒட்டிய அறையில் ஒருத்தி படுத்துக்கொண்டு, வந்துதா, வந்துதா என்று கேட்டுக்கொண்டிருந்தால் தாளைக் கிழிக்கிற கை வேறு மாதிரி யோசிக்கும். உள்ளே ஒரு கால். அவர் 'இல்லை' என்பதில் குறி போட்டுக் கையெழுத்திட்டார். பழகின கைதான்.

அடுத்த வாரம் இரண்டு நாள் அவரைச் சைக்கிளில் ஏற்றினார்கள். மூக்கில் முகமூடி, மார்பில் கம்பி. முதல் நாள் மிதித்ததை இரண்டாம் நாளும் மிதித்தார், கொஞ்சம் கூடவே மிதித்தார். நர்ஸ் திரையைப் பார்த்து, "பிரமாதம் சார்" என்றாள். மிதித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு மற்றது புரிந்துவிட்டது. இனி டாக்டரம்மாவை வருடத்துக்கு நாலு தடவை அல்ல, நாற்பது தடவை பார்த்தாலும் மனைவிக்கு நோய் என்று வாயைத் திறக்க முடியாது. திறந்தால் இரண்டாம் பக்கத்தில் எழுதியது பொய் என்றாகும், அந்த நிமிடமே வெளியே அனுப்புவார்கள். உள்ளே வைத்த காலோடு கதவு சாத்திக்கொண்டது. கால்கள் மட்டும் நிற்காமல் மிதித்துக்கொண்டிருந்தன.

ரத்தம் எடுத்தார்கள். அவருக்கு ஓர் எண் கொடுத்து, அட்டையில் அச்சடித்து, கழுத்தில் மாட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் டீச்சரின் தம்பி போன் வந்தது.

"மாமா, நல்ல சேதி. பதினோரு நாடு இப்ப பதினாலு ஆயிடுச்சு. விரிஞ்சுகிட்டே போகுது. அக்கா என்ன ஆச்சு, சேத்துக்கிட்டாங்களா?"

"பஸ் வந்துருச்சு மாப்ளே, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். பஸ் வந்திருக்கவில்லை.

ஐம்பத்திரண்டு படியில் நாற்பதாவது படியில் நின்று, முழங்கை மடிப்பிலிருந்த பஞ்சையும் பிளாஸ்திரியையும் பிய்த்துக் கழுத்து அட்டையோடு சேர்த்துப் பைக்குள் போட்டார். டீச்சர் தொட்டுப் பார்த்தே கணக்குப் போட்டுவிடுவாள். கைகால் கழுவி, நாலரைக்கு இருட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து அவள் கையை எடுத்தார். கை இன்னும் இளைத்திருந்தது. எத்தனை நாளாகவோ அவள் கேட்ட ஒரே கேள்விக்காக உதடு திறந்தது. இன்று அது நீளமாக இருந்தது, நிறுத்தி நிறுத்தி வந்தது.

"வந்துதா? சேத்துக்கிட்டாங்களா?"

அவர் உள்ளங்கையில் ஒரு தடவை அழுத்தினார்.

அவள் இரண்டாவது அழுத்தலுக்காகக் காத்திருந்தாள். எப்போதும் அது வரும். அவர் விரலும் உள்ளங்கையின் மேலேயே நின்றது. இரண்டாவதை அழுத்தினால் உண்மை. அழுத்தவில்லை.

அது வராது என்று அவளுக்குத் தெரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கண்பட்டைக்கு அடியிலிருந்து ஈரம் இறங்கிக் காதோரம் போனது. அவர் விரலை அவள் பிடித்துக்கொண்டாள். பிடி என்று சொல்லும்படி அதில் பலம் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் கருவியை அழுத்திப் பெருமை வாங்கிய அதே கை. மெக்கானிக் தன் வாயைத் தோளில் புதைத்துக்கொண்டார், மூச்சு சத்தம் அவளுக்குக் கேட்டுவிடாமல்.

உதடு மறுபடி அசைந்தது. ஒரு நாளைக்கு இரண்டாம் தடவை அசைவது இதுதான் முதல். அவர் பதறிக் குனிந்தார்.

"அப்ப... கூப்பிடுவாங்க. சேத்து வெக்கணும்." கொஞ்சம் நின்று, "இனிமே... இதுவும் வேண்டாம்."

அவருக்குப் புரிந்தது. அடுத்த சோதனைக்குப் போக அவள் தெம்பு சேர்க்கத் தொடங்கிவிட்டாள். சேர்ப்பதற்கு அவளிடம் மிச்சமிருந்தது அந்த உதடு அசைவு ஒன்றுதான், அதையும் எடுத்து வைத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவரிடம் இருந்தது விரல் ஒன்றுதான். அவர் இரண்டு தடவை அழுத்தினார். மறுபடி இரண்டு தடவை. அவள் அதற்குள் கையைத் தளர்த்தி ஓய்வுக்குப் போயிருந்தாள்.

மறுநாள் நாலரைக்கு அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உதடு மூடியிருந்தது. அதற்கு மறுநாளும் மூடியே இருந்தது. அவர் தினமும் இருபது நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, எழுந்து போய் சூப் வைத்தார்.